பறவைக்குக் காவல் யார்?

தொழிலாளி மலையேறினால் பறவைகள் கலைந்துவிடும். ஆகவே அவன் வரக் கூடாது! 1930-களில் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்கள் பேசிய நியாயம் இது.

எந்தப் பறவை? கௌதாரிக்கு உறவான ‘குரௌஸ்’. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12-ந் தேதி தொடங்கி, கனவான்கள் சுட்டுத் தள்ளுவதற்காகவே பேணப்படும் பறவை! மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் நடுவிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலம் இந்த வேட்டைக்காக அடைபட்டுக் கிடந்தது. வாரமெல்லாம் ஆலைப் புகையைச் சுவாசித்தவன் ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றைத் தேடிப் போனால், தடியுடன் காவலாட்கள் வழிமறித்தனர்.

1932 ஏப்ரல் 24-ந் தேதி சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினர். முன்னின்றவர் 20 வயதுத் தோழர் பென்னி ராத்மன்; வாலிபர் கம்யூனிஸ்ட் லீக்கைச் சேர்ந்தவர். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் இயக்கத்தைச் சிறையில் அடைக்க முடியவில்லை. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் கிண்டர் அமைந்த பீக் வட்டாரமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000-ம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமையைத் தந்தது.

சரி, மக்கள் வந்ததால் இயற்கை அழிந்ததா?

கிண்டரின் மேல்மண், செத்த பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டானது. ஆலைப் புகையின் அமிலமும், அளவுமீறிய ஆட்டு மேய்ச்சலும், தீயும் அதைப் பாழாக்கின. நடப்போரின் கால்களும் பாதைகளை அரித்தன. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1982-ல் நேஷனல் டிரஸ்ட் அந்த நிலத்தை வாங்கியது. நீரோடிய பள்ளங்களில் சிற்றணைகள் கட்டினர், சுண்ணாம்பு தூவிப் புல் விதைத்தனர், பாசி நட்டனர். வேலியும் போட்டனர். ஆனால் அது ஆட்டைத் தடுக்கப் போட்ட வேலி. மனிதன் போக வழி விட்டனர்! 2009-ல் கிண்டர் தேசிய இயற்கைக் காப்பகமாயிற்று.

பறவையின் மெய்யான பகைவன் யார்? மேட்டு நிலத்தில் கூடு கட்டும் பூனைப்பருந்தைக் கேளுங்கள். அது குரௌஸ் குஞ்சுகளைத் தின்னும். அதுவே அதன் குற்றம். 1954 முதல் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு. ஆயினும் 2013-ல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு ஜோடிகூடக் குஞ்சு வளர்த்து ஆளாக்கவில்லை. கருவி பொருத்திக் கண்காணித்த 58 பருந்துகளைப் பற்றிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அவற்றில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி, அல்லது பெரும்பாலும் அப்படியே என்றது அது. குரௌஸ் வேட்டை நிலங்களில் பருந்து மடியவோ மறையவோ உள்ள வாய்ப்பு பத்து மடங்கு அதிகம் என்றும் கண்டது. கைத்தடியுடன் நடந்து போனவனா இவற்றைச் சுட்டான்?

ஸ்காட்லாந்து 2024-ல் குரௌஸ் வேட்டைக்கு லைசென்ஸ் சட்டம் இயற்றியது. பருந்தைக் கொன்றால் லைசென்ஸ் பறிபோகலாம். இங்கிலாந்திலும் இது வேண்டும்.

அடைகாக்கும் காலத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள் என்றால் தொழிலாளி கேட்பான். பாசி நட வா என்றால் மண்வெட்டியோடு வருவான். ஆனால் சுடுகிறவனுக்கு வாசலைத் திறந்து, பார்க்க வருகிறவனுக்கு அடைக்கும் நியாயத்தை மட்டும் அவன் ஏற்க மாட்டான். ஏற்கவும் கூடாது.