லாரிக்கு மூலபாடம் உண்டா?

2021 ஜூலை 15 அன்று ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கான பதிவு விதிகளை அறிவித்தது. முதற்பதிவு பெற்று 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்க் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி. வண்டி மூல வடிவில் இருத்தல் வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் நிகழ்ந்திருத்தல் கூடாது. இவையெல்லாம் பரவலாகப் பேசப்பட்டன. அதிகம் பேசப்படாத வரி ஒன்று உண்டு. இவ்விதி இருசக்கர வண்டிகளுக்கும் எம்1 வகை வண்டிகளுக்கும் மட்டுமே உரியது. எம்1 என்பது ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேருக்கு மிகாமல் அமரும் பயணிகள் வண்டி. எளிய சொல்லில், கார். லாரிக்கு அங்கே இடமில்லை.

அரண்மனைக் கொட்டகையில் உறங்கிய கார் மரபுச் செல்வம். அதே காலத்தில் நெல்லும் பருத்தியும் சுமந்த லாரி பழைய இரும்பு. இந்தத் தரவரிசையை எவரும் வெளிப்படையாக எழுதவில்லை. எழுதாமலேயே அது சட்டமாகிவிட்டது.

சட்டம் கைவிட்ட லாரியைச் சொந்தச் செலவில் செப்பனிட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவருவோரையும் இன்னொரு தீர்ப்பு எதிர்கொள்கிறது: “எஞ்சின் ஒரிஜினல் இல்லையே.” நீண்ட முகப்புடைய பழைய டாட்டா லாரி ஒன்றில் 692 எஞ்சினைக் கழற்றி 697 எஞ்சினைப் பொருத்தியிருந்தால் போதும், அதன் வரலாற்றுத் தகுதி பறிபோய்விட்டதாகக் கொள்ளப்படுகிறது. முன்னது 92 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறு உருளைகள் கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ 4.8 லிட்டர். பின்னது 97 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 5.7 லிட்டர். பெயர்களிலேயே உருளை எண்ணிக்கையும் விட்டமும் பொதிந்திருக்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் டீசல் எஞ்சின்களே. ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவான இந்தக் கூடுதல் கொள்ளளவு ஒரு வண்டியின் வரலாற்றை அழித்துவிடும் என்போர், அவ்வரலாற்றைப் படித்திருக்கிறார்களா என்பதே ஐயம்.

தென்னிந்திய லாரியின் வாழ்க்கையைச் சற்றே நினைவுகூர்தல் தகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பெட்ரோல் வண்டிகளில் கரிவாயுக் கலன்கள் பொருத்தப்பட்டன. போர் முடிந்ததும் இராணுவம் கழித்த அமெரிக்க, ஆங்கிலேய வண்டிகள் ஏலத்தில் வாங்கப்பட்டு, உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் அமைத்த உடற்கூட்டுடன் லாரிகளாகவும் பேருந்துகளாகவும் ஓடின. அடுத்து டீசல் வந்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் பெர்கின்ஸ் நிறுவனம் உருவாக்கிய பி6 என்னும் 4.7 லிட்டர் ஆறு உருளை எஞ்சின், பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றுவதற்காகவும் விற்கப்பட்ட ஒன்று. 1950களில் சென்னை சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் எஞ்சின்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. எரிபொருட் செலவைக் கணக்கிட்ட லாரி உரிமையாளருக்கு எஞ்சின் மாற்றம் ஆடம்பரமாக இருந்ததில்லை, பிழைப்பாக இருந்தது.

இவ்வாறு மாறிய வண்டியில் எது மூலம்? ஆலையிலிருந்து வந்த பெட்ரோல் எஞ்சினா, சில ஆண்டுகள் மூச்சிரைக்க ஓட்டிய கரிவாயுவா, இருபது ஆண்டு சோறு போட்ட டீசலா? ஆலையை விட்டு வெளியேறிய நாளை மட்டும் மூலமெனக் கொள்வது, ஏட்டுச் சுவடியின் முதற்படியைத் தவிர மற்றவற்றைக் கொளுத்தச் சொல்வதற்கு ஒப்பாகும். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். பாடவேறுபாடு பதிப்பின் பகையன்று; அதனை மறைப்பதே குற்றம். தமிழ் ஆய்வுலகம் சுவடிக்கு ஏற்ற இந்நெறியை லாரிக்கு மறுப்பதற்குக் காரணம் ஒன்றே: சுவடியைத் தொட்டவர் புலவர், லாரியைத் தொட்டவர் மெக்கானிக்.

ஒக்கலிபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜே.சி. சாலையிலும் கலாசிபாளையத்திலும் ‘ஒரிஜினல்’ என்னும் சொல் வழங்கும் முறையைக் கவனித்தால் இது மேலும் தெளிவாகும். அங்கே ‘ஒரிஜினல்’ என்பதன் எதிர்ச்சொல் ‘டூப்ளிகேட்’. நேற்று மாற்றிய கிளட்ச் தட்டும், நம்பத்தக்க நிறுவனத்தின் பொருளாயின், ஒரிஜினலே. பட்டறை மொழியில் இச்சொல் பொருளின் தரத்தைக் குறிக்கிறது. கண்காட்சி மொழியில் பொருளின் பிறந்தநாளைக் குறிக்கிறது. முன்னது உழைப்பவரின் அகராதி. பின்னது சேகரிப்பவரின் அகராதி. எந்த அகராதியைக் கொண்டு லாரியை அளப்பது என்பதே இவ்வழக்கின் மையம்.

கட்டடப் பாதுகாப்புத் துறை இக்கேள்வியை என்றோ கடந்துவிட்டது. 1964இன் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் செய்த தகுதியான பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்றும், ஒரே பாணிக்குத் திருப்புவது மீட்டமைப்பின் நோக்கமன்று என்றும் கூறுகிறது. சோழர் கோயிலில் நாயக்கர் மண்டபத்தை இடிக்க எவரும் கோருவதில்லை.

மறுதரப்பின் ஒரு வாதம் வலுவானது. அதனை ஒதுக்கிச் செல்வது நேர்மையாகாது. பெரிய எஞ்சின் கூடுதல் வேகம் தரும். பழைய பிரேக் பழைய வேகத்திற்கே அமைந்தது. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 70இல் ஓடினால், நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கூடுதல் முறுக்குவிசையை கிளட்ச், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவை தாங்க வேண்டும். ரேடியேட்டரும் ஈடுகொடுக்க வேண்டும். இவற்றைத் தொடாமல் எஞ்சினை மட்டும் மாற்றி, ஒலியெழுப்பிக் கூட்டம் சேர்ப்பவர் வரலாற்றுக்கும் சாலைக்கும் ஒருங்கே தீங்கு செய்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுப்பதும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்ததும் காரணமின்றி நிகழ்ந்தவை அல்ல.

ஆனால் அதே பிரிவு, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் உடையவருக்கு, அதே வகை எஞ்சினை முன் ஒப்புதலின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவு தரலாம் என்கிறது. லாரியின் எஞ்சின் மாறக்கூடியது என்பதைச் சட்டம் அறிந்தே இருக்கிறது. பல வண்டி உடையவரின் வசதிக்கு நினைவில் வரும் அந்த அறிவு, ஒற்றை லாரியைப் பேணுபவரிடம் வரும்போது மட்டும் மறந்துபோவது எங்ஙனம்?

வேண்டுவன மூன்று. பழம்பெரும் வாகன விதி லாரிக்கும் பேருந்துக்கும் விரிவடைய வேண்டும். உழைப்புக் காலத்தில் நிகழ்ந்த எஞ்சின் மாற்றம், சான்று இருப்பின், வண்டியின் வரலாறாகவே ஏற்கப்பட வேண்டும். இன்று புதிதாகப் பெரிய எஞ்சின் பொருத்துவோர் பிரேக் முதலியவற்றிற்குத் தகுதிச் சான்று பெற்று, மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதி, கழற்றிய எஞ்சினைப் பேண வேண்டும். கண்காட்சிப் பலகையிலும் அதனைக் குறிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. 1950களிலும் 60களிலும் எஞ்சின் மாற்றிய கைகள் முதுமையடைந்துவிட்டன. அவர்களுடைய பட்டறைக் கணக்கேடுகளும் கலைச்சொற்களும் எந்த ஆவணக் காப்பகத்திற்கும் உரியனவாகக் கருதப்படவில்லை. நடுவர் தீர்ப்பெழுதும் முன் ஆய்வாளர் அங்கே செல்ல வேண்டும்.