அந்த ஒரு கேள்வியை விட்டு வையுங்கள்

லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது வரிசையாகக் கேள்விகள் வரும். எந்த மொழி, எந்த நாடு, பாஸ்வேர்ட் என்ன, ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது? இவற்றுக்கான விடைகளை முன்பே ஒரு பைலில் எழுதிக் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் தானாகவே வேலையை முடித்துவிடும். டெபியன் லினக்ஸில் இந்த முறைக்குப் பிரீசீட் என்று பெயர். பெடோராவில் கிக்ஸ்டார்ட்.

ஐம்பது கம்ப்யூட்டர்கள் உள்ள லேபுக்கு இது அருமையான வசதி. ஆனால் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், யாரோ தயாரித்த விடை பைலை வாங்கி அப்படியே ஓடவிடுவது ஆபத்து என்பேன்.

டெபியனையே எடுத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கும் முன், "மாற்றங்களை எழுதலாமா?" என்று அது கேட்கும். "இல்லை" என்றால் எதுவும் அழியாது. விடை பைல்களிலோ பெரும்பாலும் இதற்கும் "ஆம்" என்று எழுதியிருக்கும். லேபில் அது சரி. உங்கள் வீட்டு டிஸ்க்கில் விண்டோஸும் குழந்தையின் பிறந்த நாள் படங்களும் இருக்குமே! கேள்வி வராமலே எல்லாம் போய்விடும்.

எனவே பைலை முதலில் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து படியுங்கள். "பார்ட்மேன்", "கன்பர்ம்" ஆகிய இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் வரிகளுக்கு முன்னால் ஹேஷ் குறி இடுங்கள். அந்த வரிகள் செயல்படாது. கேள்வி திரையில் வரும். மற்றவை தானாக நடக்கட்டும், இதற்கு மட்டும் நீங்களே பதில் சொல்லுங்கள். படங்களுக்கு பேக்கப் எடுப்பது அதற்கும் முந்தைய வேலை.

அடுத்த தொல்லை, கூடுதல் பேக்கேஜ்கள். வேண்டியதையெல்லாம் விடை பைலிலேயே எழுதிவிட ஆசை வரும். முப்பது பெயர்களில் ஒன்றில் எழுத்துப் பிழை இருந்தாலும் போதும், மொத்தப் பட்டியலும் நின்றுவிடும். பிழை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பேக்கேஜ்களின் பெயர்கள் காலப்போக்கில் மாறுகின்றன. தமிழ் எழுத்துருக்களுக்கான டெபியன் பேக்கேஜே ஒருமுறை பெயர் மாறியதுதான். பழைய பைலில் பழைய பெயர்தான் இருக்கும்.

சில சமயம் பெயர் சரியாக இருந்தாலும் இன்டர்நெட் இணைப்பு இருக்காது. பல வைஃபை கார்டுகளுக்குத் தேவையான பர்ம்வேர், 2023இல் வந்த டெபியன் 12 முதல்தான் இன்ஸ்டால் டிஸ்க்கிலேயே சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய டிஸ்க் என்றால் கேபிள் இணைப்பே நல்லது.

இடையில் நின்றுவிட்டால் உடனே பவரை அணைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். காரணம் தெரியாமல் பத்து முறை தொடங்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். இடப்பக்க ஆல்ட் கீயுடன் எப்4 கீயை அழுத்துங்கள். கிராபிக்ஸ் திரையானால் கன்ட்ரோல் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். நடந்தவை எல்லாம் வரி வரியாகத் தெரியும். கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். "அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்" என்று இருந்தால், அதையடுத்து வரும் பெயர்தான் கோளாறு. அதைத் தாளில் குறித்துக்கொண்டு, பைலைத் திருத்திய பிறகு மீண்டும் தொடங்குங்கள். பழைய திரைக்குத் திரும்ப அதே முறையில் எப்1. கிராபிக்ஸ் என்றால் எப்5.

இதைவிட எளிய வழி, விடை பைலில் அடிப்படை சிஸ்டத்தையும் டெஸ்க்டாப்பையும் மட்டும் கேட்பது. மற்றவற்றை லினக்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு, ஆப்ட் கட்டளை மூலமோ சினாப்டிக் மூலமோ ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அப்போது ஒரு பெயர் தவறினால் அந்த ஒன்றுதான் வராது. நீங்கள் இழப்பது இரண்டு நிமிடம் மட்டுமே.