மாட்டுக்கு ஆறு மாசக் கணக்கு இருக்கு, மனுஷனுக்கு?

எங்க பக்கத்துல ஸ்கேன்னு சொன்னாலே பிள்ளைத்தாச்சிப் பெண்தான் ஞாபகத்துக்கு வரும். காஞ்சிபுரத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் போனாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற பலகைதான் முதலில் கண்ணில் படும். 1994-ல் வந்த சட்டம் அது. அந்த பெஞ்சில் அம்பது வயசு ஆம்பளை உட்கார்ந்திருந்தா, மகளுக்குத் துணையா வந்திருக்காருன்னு நினைப்பாங்க. இல்லைன்னா கல்லடைப்புன்னு நினைப்பாங்க.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை அந்த பெஞ்சில் உட்கார வேண்டிய ஒரு கூட்டம் இருக்கு. சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கிப்போச்சு என்று டாக்டர் சொல்லிவிட்ட ஆட்கள். அவங்கள்ல ரொம்பப் பேர் அங்கே வர்றதே இல்லை.

கல்லீரல் வருஷக்கணக்கா அடிபட்டா, தழும்பு ஏறி இறுகிப்போகும். குடிதான் காரணம்னு ஊர் முடிவு கட்டிடும். ஆனா ஹெபடைடிஸ் பி, சி வைரஸாலும் வரும். குடியே தொடாத சர்க்கரைக்காரருக்கு கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தும் வரும். இந்த வீண்பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் வியாதியை வெளியே சொல்றதில்லை. காரணம் எதுவானாலும், தழும்பேறிய கல்லீரலில் புற்று முளைக்க வாய்ப்பு அதிகம். வருஷத்துக்கு நூறு பேரில் ஒருத்தரிலிருந்து நாலு பேர் வரைக்கும் வரலாம். கேட்க சின்னக் கணக்குதான். ஆனா அது வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகும்.

இந்தப் புற்று ஆரம்பத்தில் வலிக்காது. நெல்லில் புகையான் விழுந்த மாதிரி. வரப்பில் நின்னு பார்த்தா பயிர் பச்சையாத்தான் இருக்கும். இறங்கி, தூரை விரிச்சுப் பார்த்தாத்தான் பூச்சி தெரியும். வட்டம் வட்டமா காய்ஞ்சு நிக்கிறதை வரப்பிலிருந்தே பார்க்க முடியுதுன்னா, அப்புறம் மருந்தடிச்சுப் பெரிசா பலனில்லை. அதே போல வலியும் இளைப்பும் வந்த பிறகு போனா, டாக்டர் கையில் வழி குறைஞ்சுபோயிருக்கும். கட்டி ரெண்டு மூணு சென்டிமீட்டரா இருக்கும்போதே தெரிஞ்சா, ஊசி விட்டுச் சுட்டு அழிக்கலாம், வெட்டி எடுக்கலாம், தகுதி இருந்தா கல்லீரலையே மாற்றலாம்.

ஏன் ஆறு மாசம்? கட்டி ரெண்டு மடங்காக சராசரியா நாலிலிருந்து ஆறு மாசம் பிடிக்கும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மூணு மாசத்துக்கு ஒருமுறை எடுத்தும் பார்த்துட்டாங்க. கூடுதல் பலன் இல்லை. அதனால வயித்து ஸ்கேன் ஒண்ணு, கூட ஏ.எஃப்.பி. என்கிற ரத்தப் பரிசோதனை ஒண்ணு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஸ்கேன் எல்லாத்தையும் பிடிச்சுடும்னு சொல்ல மாட்டேன். ஆரம்பநிலைக் கட்டிகளில் பாதியை ஸ்கேன் மட்டும் எடுத்தா விட்டுடுது. ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தா நூறில் அறுபது சொச்சம் பிடிபடுது. சில நேரம் ஒண்ணுமில்லாத புள்ளியைக் காட்டிப் பயமுறுத்தும். கல்லீரல் முழுக்கக் கெட்டு, மாற்று அறுவைக்கும் வழியில்லாதவரை இதுக்காக அலைய விடுறதும் நியாயமில்லை. சிரோசிஸ்காரர்களை மட்டும் ரெண்டு அணியாப் பிரிச்சு வச்சு, பெரிய ஆய்வு ஒண்ணும் நடக்கலை. ஆனா 1990-களில் ஷாங்காயில், பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி தொற்று இருந்த சுமார் 19,000 பேரை அப்படிப் பிரிச்சுப் பார்த்தாங்க. ஆறு மாச ஸ்கேனுக்கு அழைத்த பக்கம், கல்லீரல் புற்றால் செத்தவங்க 37 சதவீதம் குறைவு. அழைச்சதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஒழுங்கா வந்திருக்காங்க, அப்படியும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தறிக்காரர். வயித்துல தண்ணி கோத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, குடியை அடியோட விட்டவர். ஆறே மாசத்தில் முகம் தெளிஞ்சு, மறுபடி தறிக்குழியில் கால் வச்சுட்டார். "ஸ்கேன் எடுத்தீங்களாணா?"ன்னு கேட்டா, "நான்தான் உட்டுட்டனேப்பா, இன்னும் இன்னாத்துக்கு?"ன்னு சிரிப்பார். குடியை விட்டதால ஆபத்து குறையும், அத்தோட போயிடாது. தழும்பு அங்கேயேதான் இருக்கு. அவர் சீட்டில் மாத்திரை பேரெல்லாம் வரிசையா இருந்தது. அடுத்த ஸ்கேன் தேதி மட்டும் யாரும் எழுதலை. மூணு வருஷம் கழிச்சு வலின்னு போனப்ப, கட்டி ரத்தக்குழாய்க்குள்ளேயே ஏறியிருந்தது. பாவு பாதியில் நின்ன அந்தத் தறியை இப்ப அவர் மருமகன் ஓட்டுறார்.

இதை நான் அவர் தலையெழுத்துன்னு விட மாட்டேன். எங்க மாட்டுக்குக் கோமாரி ஊசி ஆறு மாசத்துக்கு ஒருமுறை. நான் தேதியை ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்லை. கால்நடைத் துறை ஆட்கள் ஊருக்கே வந்து, காதில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டு, போட்டுட்டுப் போறாங்க. மாட்டுக்கு முடியும்போது மனுஷனுக்கு ஏன் முடியாது?

ஊருக்கெல்லாம் லிவர் ஸ்கேன் எடுங்கன்னு கேட்கலை. அது தேவையும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. வர்றவங்க கையில் நோட்டு இருக்கு. அதில் இன்னொரு கட்டம் போடுங்க: சிரோசிஸ் உண்டா, கடைசி ஸ்கேன் எப்போ, அடுத்தது எப்போ. தேதி வந்தா ஒரு போன். 2003-லிருந்து மதுவைச் சில்லறையா விக்கிறதும் அரசுதான். அந்தக் காசில் இந்த ஒரு கட்டத்துக்கு ஆகிற செலவு தூசு.

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயில்தான் போனார். அவர் பேரில் இங்கே காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. கல்லீரல் மாற்று அறுவை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே செய்றாங்க. ஆஸ்பத்திரி இல்லாம ஜனங்க சாகலை. நேரத்துக்கு வாசலை மிதிக்காமத்தான் சாகுறாங்க. ஒரு நாள் தறியை விட்டு எழுந்தா அன்னைக்குக் கூலி போச்சுங்கிறவனை, நீயா ஞாபகம் வச்சுக்கிட்டு வான்னு சொன்னா எப்படி வருவான்?

பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஊரில் ஒரு மாமாவோ சித்தியோ இருப்பாங்க. "லிவர்ல கொஞ்சம் பிரச்சினை"ன்னு எப்பவோ காதில் விழுந்திருக்கும். போன் பண்ணி, அது சிரோசிஸான்னும் கடைசியா ஸ்கேன் எப்ப எடுத்தாங்கன்னும் கேளுங்க. பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஸ்கேன் எடுக்கிறவர்கிட்ட "எனக்கு சிரோசிஸ் இருக்கு, கட்டி இருக்கான்னு பாருங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. அடுத்த தேதியை உங்க போனில் போட்டு வைங்க. அரசு அந்தக் கட்டத்தைப் போடுற வரைக்கும், அவங்களுக்கு நோட்டுப் புஸ்தகம் நீங்கதான்.