ஒரு அடி பின்னுக்குப் போய் எடுங்கோ

ஸ்பெயினின் பழைய நகரங்களைப் படம்பிடித்துப் போடுகிறவர்களின் படங்களைப் பாருங்கள். ஒரு வளைவு, ஒரு இரும்புப் பல்கனி, கல் பாவிய ஒழுங்கை, அதில் சாய்ந்து விழும் வெயில். கீழே ‘காலம் உறைந்த நகரம்’ எண்டு ஒரு வரி. எந்தக் காலம் உறைஞ்சது எண்டு கேட்டால் பதில் இல்லை. எங்கட சண்டை அதோடுதான்.

பார்சலோனாவின் கோதிக் குடியிருப்பில் ஆயர் வீதிக்கு மேலால் ஒரு கல் பாலம் போகிறது. அதைப் படமெடுக்காமல் திரும்புகிற பயணிகள் குறைவு. பார்த்தால் மத்தியகாலத்துப் பாலம். கட்டியது 1928இல். பக்கத்துப் பேராலயத்தின் முகப்பும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்ததுதான். புதிதாகக் கட்டினது குற்றமில்லை. நகரம் தன்னைப் பழசாகக் காட்டப் போட்ட வேஷத்தை அப்படியே நம்பிப் படமெடுத்துவிட்டு, அதற்கு ஆவணம் எண்டு பேர் வைக்கிறதுதான் பிழை. அது விளம்பரம்.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் சான்ற் பெலிப் நேரி சதுக்கம். தேவாலயச் சுவர் முழுக்கக் குழி. 1938 ஜனவரி 30 அன்று, பிராங்கோவுக்காக வந்த இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டுகளில் 42 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் அங்கே பதுங்கியிருந்த பிள்ளைகள். பிராங்கோ ஆட்சியில், அராஜகவாதிகள் பாதிரிமாரைச் சுட்ட அடையாளம் அது எண்டு கதை கட்டிவிட்டார்கள். இன்றைக்குக் கமராக்காரருக்கு அது ‘நல்ல டெக்ஸ்சர்’. சன்னம் துளைத்த சுவர்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் தொண்டைக்குள் இறங்குதில்லை.

கோர்தோபாவிலும் இதே கதைதான். 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளை வளைவுகள் எல்லாரிடமும் உண்டு. 1523இல் அதன் நடுவை இடித்துப் பேராலயம் எழுப்பத் தொடங்கினார்கள். இரண்டு கட்டடமும் முட்டுகிற இடத்தில்தான் வரலாறு நிற்கிறது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வளைவை மட்டும் காட்டுகிறார்கள்.

வீதிப் படங்களில் சனம் வெறும் அலங்காரம். கொடியில் காயும் உடுப்பு, வாசலில் கதிரை போட்டிருக்கும் ஆச்சி. அந்த ஆச்சியின் வீட்டு வாடகையைச் சுற்றுலாவுக்கு விடும் வீடுகள் ஏத்திவிட்டது படத்தில் வராது. 2024 ஜூலையில் பார்சலோனாச் சனம் தெருவுக்கு இறங்கி, சுற்றுலாப் பயணிகளுக்குத் தண்ணித் துவக்கால் அடிச்சது. அதுவும் அந்த நகரத்தின் வீதிக் காட்சிதான்.

அப்ப அழகை ரசிக்கக் கூடாதோ எண்டு கேட்பியள். தாராளமாய் ரசியுங்கோ. ஆனால் எடுக்க முதல் ஒரு அடி பின்னுக்குப் போங்கோ; வளைவுக்குப் பக்கத்தில் இருக்கிறதும் சட்டகத்துக்குள் வரட்டும். படத்துக்குக் கீழே, எப்ப கட்டினது, ஆர் இடிச்சது, இப்ப ஆர் வாடகை கட்டுகினம் எண்டு எழுதுங்கோ. அழகு அதால் ஒண்டும் குறையாது.