மயிலுக்குப் போர்வை, அண்ணனுக்கு என்ன?

ஆண்களுக்குப் பரிசு வேண்டும் என்றால் கடைக்காரர் கைகாட்டும் மூலையில் எப்போதும் அதே நான்கு சாமான்கள்தான்: பர்ஸ், பெல்ட், சென்ட், சட்டைத்துணி. இவற்றில் இரண்டு மூன்றை ஒரே அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, ‘கிஃப்ட் செட்’ என்று விலையையும் ஏற்றியிருப்பார்கள். நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு ஓர் இடுப்பும் ஒரு பாக்கெட்டும் உண்டு என்பதற்கு மேல் அவரைப் பற்றிக் கடைகளுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் கூடவே இருப்பவர்களுக்கும் பல சமயம் அவ்வளவுதான் தெரிகிறது.

முதலில், இந்தத் தலைமுறை ஆண்களில் நிறைய பேருக்குப் பிறந்தநாளே இரவல். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள்; எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு. தேதி போடுவது ஹெட்மாஸ்டர். ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக இருக்கவேண்டும் என்பதால் மே, ஜூன் என்று வரிசையாக எழுதித் தள்ளிவிடுவார். அரசு அலுவலகங்களில் மே 31 அன்று கும்பல் கும்பலாக மாலை போட்டு வழியனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இந்த ஹெட்மாஸ்டர்களும் ஒரு காரணம். எங்கள் அண்ணன் பிறந்தது அம்மா கணக்கில் ஐப்பசி அடைமழையில்; சர்டிபிகேட்டில் ஜூன் 5. ஜூனில் வங்கியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் காலை ஆறு மணிக்கே வாழ்த்து அனுப்புகின்றன. ஐப்பசியில் அண்ணி நட்சத்திரம் பார்த்து அர்ச்சனை செய்கிறார். இரண்டில் எந்த நாளிலும் அவர் கையில் யாரும் ஒரு பொருளைக் கொடுத்ததில்லை.

ஆணுக்குப் பரிசு மழை பொழிவது கல்யாணத்தில்தான். மாமனார் வீட்டு வாட்ச், மோதிரம், ரிசப்ஷனுக்கு கோட்டு சூட்டு, வசதியிருந்தால் தலைதீபாவளிக்கு ஒரு செயின். அப்புறம் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகும்வரை அவர் கொடுக்கிற கட்சி, வாங்குகிற கட்சி இல்லை. (வாட்ச் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியதுதான் டைட்டன்; தொழிற்சாலை ஓசூரில். அதில் கால் பங்குக்கு மேல் இன்றும் டிட்கோ கையில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு டைட்டன் எடுத்த மாமனார்கள் எல்லோரும் தெரியாமலே அரசாங்கத்துக்கும் மொய் எழுதியவர்கள்.) அந்த கோட்டு சூட்டு இன்னமும் பீரோவில் தொங்குகிறது. அதற்குள் நுழைய அண்ணனால் முடியாது, தூக்கிப்போட அண்ணிக்கு மனசு வராது.

இந்த ஜூனில் அண்ணனுக்கு ஐம்பது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் அவர் மகள் போன் செய்தாள்.

“அத்தை, அப்பாவுக்கு அஞ்சாயிரம் வரைக்கும் எடுத்து வச்சிருக்கேன். ஸ்மார்ட் வாட்ச் வாங்கிடட்டுமா?”

“அவர்கிட்ட கேட்டியா?”

“கேட்டேனே. எனக்கென்னம்மா வேணும், ஒண்ணும் வேணாம், காசைச் சேத்து வைன்னுட்டார்.”

இதை எல்லா ஆண்களும் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஐம்பது வயதுக்காரர் தனக்கு அவசியமென்று பட்டதை எப்போதோ வாங்கிவிட்டார். வாங்காமல் விட்டது இரண்டு வகை: வாங்கவே முடியாதவை, அல்லது இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று முடிவு கட்டியவை. முதல் வகைக்கு ஐயாயிரம் ரூபாய் போதாது. இரண்டாவதை அவர் வாயால் சொல்லமாட்டார், ஏனென்றால் அது இல்லை என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்து 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். கைக்கு வந்த பொருளைத் தாங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்பது கேள்வி. பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று கணக்கு வந்தது. அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாம். புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாத மொய்விருந்துகளில் அதைத்தான் செய்கிறார்கள், நோட்டில் எழுதி, திருப்பிச் செய்யும் கடமையோடு. ஆனால் மகள் அப்பாவிடம் கவர் நீட்டிப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் அந்த ஐயாயிரம் இன்னொரு ஐந்நூறு சேர்ந்து அவள் கணக்குக்கே திரும்பிப் போயிருக்கும்.

பரிசு என்றால் எனக்குப் பேகன்தான் நினைவுக்கு வருவான். பழனி மலைப் பக்கத்தை ஆண்ட வள்ளல். மயில் குளிரில் நடுங்குகிறது என்று இரங்கித் தன் போர்வையைக் கழற்றிக் கொடுத்தவன். பள்ளிப் பாடத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள். மயில் அந்தப் போர்வையை வைத்துக்கொண்டு என்ன செய்தது என்று நாலாம் வகுப்பில் யாராவது கேட்டால் உட்கார் என்பார்கள். புறநானூற்றில் கொஞ்சம் மேலே படித்தால் விஷயம் வேறு மாதிரி போகிறது. இதே பேகன் மனைவி கண்ணகியை (கோவலன் மனைவி இல்லை, இவள் வேறு) தனியே விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டிலேயே கிடந்திருக்கிறான். பரிசில் வாங்க வந்த கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள், பொன்னும் பொருளும் கேட்கவில்லை, வீட்டில் அழுதுகொண்டிருப்பவளிடம் திரும்பிப் போ, அதுவே எங்களுக்குப் பரிசு என்று பாடியிருக்கிறார்கள். இறகு போர்த்திய பறவைக்குக் குளிரும் என்று தோன்றிய ஆளுக்கு, வீட்டில் இருப்பவள் நிலை தோன்றவில்லை. பிறந்தநாள் பரிசாக வரும் எட்டாவது பெல்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மயில் ஞாபகம்தான்.

மருமகளிடம், “கடைக்குப் போகாதே. ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்து, உங்கப்பா எதையெல்லாம் சமாளிச்சுக்கிட்டிருக்கார்னு மட்டும் பாரு” என்றேன். வந்தாள், பார்த்தாள், வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பினாள். வண்டியின் சைடு ஸ்டாண்ட் இறங்குவதில்லை. போகிற இடமெல்லாம் சுவர் தேடிச் சாய்த்து நிறுத்துகிறார். பனியன்கள் எல்லாவற்றிலும் ஓட்டை. செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதால் ஒரு திரைக்கு நாலு வார்த்தைதான் தெரிகிறது. பேப்பரை முழங்கை நிமிரும்வரை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார். மாத்திரை அட்டையில் பெயரைப் படிக்க அண்ணியைக் கூப்பிடுகிறார். படிக்க ஒரு கண்ணாடி உண்டு, பஸ் ஸ்டாண்ட் வாசலில் வாங்கியது, ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருக்கிறார்.

ஸ்மார்ட் வாட்சின் திரை எவ்வளவு பெரியது என்று அவளை நான் கேட்கவேண்டியே வரவில்லை.

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்துகொடுக்கும் தன்மையை மெதுவாக இழக்கிறது. கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது. அறுபதை ஒட்டும்வரை பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இதற்கு வைத்தியம் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ஆனாலும் ஆண்கள் இதைத் தோல்வி மாதிரி எடுத்துக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறார்கள். கை நீளம் தீர்ந்த பிறகு நடைபாதைக் கண்ணாடி. அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர்; நம் இரண்டு கண்ணும் அப்படி ஒன்றுபோல இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. பாதிப் பேருக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த இலையின் அளவு சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அரிசி மண்டியில் நாள் முழுக்க பில் எழுதும் அண்ணனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகாது.

கண்ணாடி என்றால் கடையில் வாங்கிப் பொட்டலம் கட்டி நீட்டுகிற சமாசாரம் இல்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, எழுத்துப் பலகையைப் படிக்கவைக்கவேண்டும். நாற்பதுக்கு மேல் கண் நீர் அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது, அது வலிக்காமலே பார்வையைத் தின்னும். ஐம்பது வயது ஆணிடம் “வாங்க, கண் டெஸ்டுக்குப் போலாம்” என்று மனைவி சொன்னால் அடுத்த மாசம் என்பார், தங்கை சொன்னால் உனக்கு வேலையில்லையா என்பார். மகள் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி வண்டிச் சாவியை எடுத்தால் தப்பிக்க வழியில்லை. இந்தப் பரிசில் ஐயாயிரத்தைவிட விலை கூடியது அவள் போட்ட லீவுதான்.

பனியனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். திருப்பூர் உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிறது. தமிழ் அப்பாக்கள் மட்டும் ஓட்டைப் பனியனோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக அரை டஜன் வாங்கிக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், இது இன்னும் நாள் வரும் என்று. எனவே பனியன் பரிசு கொடுக்கிறவர்கள் பழையதை முந்தின நாள் இரவே கரித்துணியாக்கிவிடவேண்டும். இரக்கம் பார்க்கக்கூடாது.

இந்தச் சமாளிப்புக் கணக்கு ஒரு வகை ஆளிடம் மட்டும் எடுபடாது. கேமரா, கேரம், மீன்தொட்டி, பழைய பாட்டு ரெக்கார்டு என்று ஏதாவது ஒன்றில் தலைகால் தெரியாமல் மூழ்கியவர்கள். அவர்கள் எதையும் சமாளிப்பதில்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் சமாளிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் துறையின் முக்கியச் சாமானை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் வாங்குவது எப்படியும் தப்பான மாடலாகத்தான் இருக்கும், பெரிய மனசோடு சிரித்துவிட்டு மூலையில் வைப்பார்கள். கேரம்காரருக்குப் போர்டு வேண்டாம், நல்ல பவுடரும் போர்டுக்கு மேல் தொங்க ஒரு விளக்கும் போதும். ஆபீஸ் நண்பருக்கு என்றால் தின்கிற பொருள்: தீர்ந்துபோகும், இடம் அடைக்காது. கைக்குட்டை கொடுத்தால் பிரிவு வரும் என்று நம்புகிற வீடு இருந்தால், அவரிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம், விற்றதாக ஆகிவிடும்.

ஜூன் 5 அன்று அண்ணனுக்கு இரண்டு கண்ணாடி வந்தது, ஒன்று வீட்டுக்கு, ஒன்று மண்டிக்கு. மீதியில் சைடு ஸ்டாண்டும் பனியனும். எதிர்பார்த்தபடியே முதல் வார்த்தை, “எவ்வளவு ஆச்சு?” இரண்டாவது, “பில்லைப் பத்திரமா வை.” அந்த பில்லைத்தான் புதுக் கண்ணாடி போட்டு முதலில் படித்தார், ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறான் என்று பார்ப்பதற்கு.

போன வாரம் அண்ணி போனில் புலம்பினார். மளிகைச் சீட்டு முழுக்க வரிவரியாகப் படிக்கிறாராம். சமையலறைக்குள் வந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, காலாவதித் தேதி பார்த்து, சாம்பார்ப்பொடி, பெருங்காயம், நான் வாங்கிக் கொடுத்த பாதாம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டாராம்.

“பேசாம அந்த வாட்சையே வாங்கிக் குடுத்திருக்கலாம்” என்றார்.