போதை மீட்புக்கும் டெண்டரா?

தெருவிளக்கு மாட்ட டெண்டர் விடலாம். குப்பை அள்ள விடலாம். குடிநோயாளியைக் கைபிடித்துக் கரையேற்றுகிற வேலைக்கு?

இங்கிலாந்தில் விடுகிறார்கள். 2013 ஏப்ரலில் குடி, போதை சிகிச்சைப் பொறுப்பு தேசிய சுகாதார சேவையிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்குப் போனது. உள்ளூர்க்காரனுக்குத்தானே உள்ளூர்க் கஷ்டம் தெரியும்? நல்ல வாதம்தான். ஆனால் பொறுப்பைக் கொடுத்த மத்திய அரசு, 2015ல் பொது சுகாதார நிதியில் நடு வருஷத்திலேயே 20 கோடி பவுண்டை வெட்டியது.

காசில்லாத மன்றம் என்ன செய்யும்? மலிவாக யார் செய்வார் என்று தேடும். சில வருஷத்துக்கொரு டெண்டர். ஜெயிக்கிற அமைப்பு மாறினால் போர்டு மாறும், ஆலோசகரும் மாறலாம். ஒருத்தரை நம்பி மனசு திறக்கவே மாசக்கணக்கில் ஆகிறவனிடம், ‘மறுபடி முதல்லேர்ந்து சொல்லுப்பா’ என்றால் அவன் எங்கே போவான்? விட்ட இடத்துக்குத்தான்.

இது உதவாத ஏற்பாடு, அவசரமாகச் சரிசெய்யுங்கள் என்று 2021ல் சொன்னவர், அரசே நியமித்த டேம் கரோல் பிளாக். அந்த டிசம்பரில் சிகிச்சைக்கென்று மூன்று வருஷத்துக்கு 78 கோடி பவுண்ட் அறிவித்தார்கள். சந்தோஷம். பணத்தோடு அவகாசமும் கொடுங்கள் ஐயா. டெண்டர் முடிகிற தேதிக்குள் குணமாகித் தருகிறேன் என்று எந்த நோயாளியும் கையெழுத்துப் போடவில்லை.