ஆலை வாசலில் தொடங்கும் பொறுப்பு

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. வெளியூர்க்காரர்களுக்கு அது 2020இல் மறைந்த நாட்டுப்புறப் பாடகி முனியம்மாவின் ஊர். சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கோ பரவை என்றால் மீனாட்சி மில்லும் காய்கறி மார்க்கெட்டும்தான். ஒரு நிறுவனம் தான் பிழைக்கும் ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்று மதுரைப் பக்கத்தில் கேட்பவர்கள், சட்டப் புத்தகத்தைத் திறக்குமுன் இந்த மில்லின் கதையை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

மீனாட்சி மில்லை 1920களில் நிறுவிய கருமுத்து தியாகராசர், மதுரையில் 1949இல் கலைக் கல்லூரியையும் 1957இல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். லாபத்தில் இத்தனை சதவீதத்தை ஊருக்குக் கொடு என்று அன்று எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. அந்தக் கல்லூரிகளில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாகத் தலைநிமிர்ந்தவர்கள் தென்மாவட்டங்கள் முழுக்க இருக்கிறார்கள். அவருக்கு முன்பே மதுரையில் ஆலை நடத்திய ஹார்வி நிறுவனம், திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர்களுக்காக ஹார்விபட்டி என்ற குடியிருப்பையே உருவாக்கியது. இதில் ஆலைக்கும் ஆதாயம் உண்டு. வாடகைக்கு வீடு தேடி அலையாத தொழிலாளி ஷிப்டுக்கு நேரத்துக்கு வருவார். வேறு ஆலைக்கு எளிதில் போகமாட்டார். ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே செலவில் நன்மை கிடைத்ததற்கு மதுரையிலேயே கிடைக்கும் சான்று அது.

ஆனால் கதை அதோடு முடிவதில்லை. மதுரை ஆலைத் தொழிலாளர்கள் கொடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்கள் அல்லர். கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் 1930களிலிருந்தே வேலைநிறுத்தங்கள் நடந்த ஊர் இது. மீனாட்சி மில் தொழிலாளர்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை சென்றது. பெரிய ஆலைகள் ஆட்குறைப்பு செய்யுமுன் அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற, தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-என் பிரிவு செல்லும் என்று 1992இல் அந்த வழக்கில்தான் தீர்ப்பானது. இந்தியத் தொழிலாளர் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் அந்த வழக்கின் பெயரைக் கடந்துதான் போகிறார். கல்லூரி கட்டியது கொடை. ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைக்குமுன் காரணம் சொல்லி அனுமதி கேட்பது கடமை. முன்னதைப் பெற்றதற்காகப் பின்னதை விட்டுக்கொடுக்க அந்தத் தொழிலாளர்கள் தயாராக இல்லை. அவர்கள் பிரித்துப் பார்த்த இந்த இரண்டையும் நாம் இன்று குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைச் சட்டக் கட்டாயமாக்கிய முன்னோடி நாடுகளில் இந்தியா ஒன்று. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைக் கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் போன்ற பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, செலவழிக்காத பணத்தைக் கணக்கில் காட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது, அபராதம் உண்டு. நாடு முழுவதும் இந்த வகையில் செலவாகும் தொகை இப்போது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கும் மேல். சிறிய பணமல்ல. எத்தனையோ அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பறையும் வகுப்பறையும் இதனால் கிடைத்திருக்கின்றன. சட்டமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்தின் விதிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தன் ஊழியர்களுக்குச் செய்யும் நன்மையை நிறுவனம் இந்த 2 சதவீதக் கணக்கில் காட்டக் கூடாது. சரியான விதிதான், இல்லையென்றால் கேன்டீன் சாப்பாட்டைக்கூடச் சமூக சேவை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் அதற்கு ஒரு பின்விளைவு இருக்கிறது. ஆண்டறிக்கையில் வண்ணப் படங்களோடு அச்சாவது 2 சதவீதத்தின் கதை மட்டுமே. மீதி 98 சதவீதம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பதை அந்தப் பக்கங்களில் யாரும் தேடுவதில்லை.

தமிழகத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்டத்து ஏழைக் குடும்பங்களின் வளரிளம் பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கினார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்த மொத்தப் பணம் கைக்கு வரவில்லை. அப்படியோர் ஆலை, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு இருபது கணினி வாங்கித் தந்தால் அதைப் பொறுப்பு என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணின் கூலியை முழுதாகக் கொடுத்திருந்தால் அவள் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தை அவளே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடமையைக் கொடையால் மூடுவது நிறுவனங்களுக்கும் நல்லதில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை மருத்துவ முகாம், குடிநீர், உதவித்தொகை என்று ஊருக்குச் செலவழித்த நிறுவனம்தான். காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி மக்கள் எழுப்பிய சந்தேகத்துக்கு அந்தச் செலவு எதுவும் பதிலாகவில்லை. 2018 மே 22 அன்றும் மறுநாளும் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. ஒரு வாரத்துக்குள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. புகைபோக்கியிலும் கழிவு வாய்க்காலிலும் காட்ட வேண்டிய அக்கறையை முகாம் பந்தலில் காட்டி ஈடுசெய்ய முடியாது என்பதைப் பங்குதாரர்கள் மிக அதிக விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். ஊரோ உயிர்களையே கொடுத்தது.

சரி, வாசலுக்கு உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 2 சதவீதத்தை எங்கே, எதற்குச் செலவிடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? இயக்குநர் குழு. உள்ளாட்சியைக் கேட்க வேண்டும், மக்கள் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடு என்கிறது. அதையும் வழிகாட்டுதலாகத்தான் அரசு விளக்கியிருக்கிறது. பரவை போன்ற ஊர்களில் அரிசி ஆலை, காய்கறிக் கமிஷன் மண்டி, சிறு பட்டறைகள்தான் அதிகம். இவற்றில் எதுவும் சாதாரணமாக 135ஆவது பிரிவின் வரம்புகளை எட்டாது. ஆகவே இங்கே வரும் நிதி சென்னையிலோ மும்பையிலோ முடிவாகி வருகிறது. மார்ச் 31க்குள் கணக்கை முடிக்க வேண்டிய அவசரமும் கூடவே வருகிறது.

அவசரத்தில் செய்ய வசதியானது குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். ஒரே வாரத்தில் பொருத்தலாம், ரிப்பன் வெட்டலாம். ஆனால் அதன் சவ்வைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்றியாக வேண்டும். மின்கட்டணம் கட்ட வேண்டும். வெளியேறும் உப்புநீருக்கு வழி வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்கப்படாததால், நன்கொடையாளரின் பெயர் பளபளக்க, குழாய் வறண்டு நிற்கும் இயந்திரங்களைத் தமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம்.

கண்மாய்க்கு வரும் பணத்தின் கதை இன்னும் வருத்தமானது. கரையில் நடைபாதை, வேலி, வண்ண விளக்கு, பெயர்ப் பலகை. தண்ணீர் வர வேண்டிய வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பில் கிடக்கும், மடை பழுதாகி இருக்கும், கலுங்கு உடைந்திருக்கும். இந்த மூன்றையும் படமெடுத்துப் போட்டால் அழகாக இராது. வேலை முடிய ஆண்டுகள் ஆகும், வருவாய்த் துறையோடும் நீர்வளத் துறையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 'வயலகம்' என்ற பெயரில் பாசன விவசாயிகளையே சங்கமாக்கி, அவர்களிடமும் பங்குத்தொகை பெற்றுக் கண்மாய்களைச் சீரமைத்து வருகிறது. தன் பணமும் போட்ட விவசாயி, மண்வெட்டி எங்கே விழுகிறது என்று வந்து பார்ப்பார். அடுத்த மழைக்கு மடையை யார் திறப்பது என்ற பேச்சும் வேலை தொடங்குமுன்பே முடிந்திருக்கும். இயக்குநர் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான்: முதலில் சங்கம், பிறகு பணம்.

பரவைக் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். தொடங்கும் ஆண்டைத் தவிர மேலும் மூன்றாண்டுகள் நீளும் தொடர்திட்டங்களுக்குச் சட்டம் இப்போதே இடம் தருகிறது; ஆக மார்ச் மாத அவசரம் கட்டாயமல்ல. முதலாண்டில் வரத்துக் கால்வாயை அளந்து எல்லைக்கல் நடலாம். இரண்டாம் ஆண்டில் மடையையும் கலுங்கையும் சரிசெய்யலாம். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் பராமரிப்பு, கண்மாயை அண்டி வாழும் மக்களின் சங்கத்திடம் இருக்கட்டும். செலவுக் கணக்கை ஆங்கில ஆண்டறிக்கையில் மாவட்டப் பெயரோடு நிறுத்தாமல், தமிழில் ஊர்ப் பெயர் போட்டு, பகுதி சபைக் கூட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை வாசிக்க வேண்டும். பணம் தந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, பரவைப் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி என்ற கேள்வியும் அங்கே வரலாம். அதற்கும் அவர் பதில் சொல்லட்டும்.